கூடமும் குழந்தையும்

 

நம் கொங்கு வட்டாரத்துப் பழைய வீடுகளில் முன்கூடத்தை 'ஆசாரம்' என்றே வழங்குவர். வந்தவர் அமர்வதும், வீட்டார் கூடுவதும், குழந்தை தவழ்ந்து பழகுவதும் அங்கேதான். ஒழுக்கத்திற்கும் ஆசாரம் என்பதே பெயர். இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நம் அறநூல்கள் சிராவகாசாரம் என வழங்கப்பெறுகின்றன. ஒரு வீட்டின் ஆசாரத்தைக் கண்டால் வீட்டாரின் ஆசாரம் தெரியும் என்று முதியோர் சொல்வதில் பொருள் உண்டு.

"பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடத்தை எவ்வாறு ஒழுங்காக வைப்பது?" என்று இளந்தாய்மார் நம்மிடம் கேட்பதுண்டு. துடைப்பத்தோடு முடிந்துவிடும் சிறு கேள்வி எனச் சிலர் கருதலாம். ஆராய்ந்து பார்த்தால் அதனுள் அஹிம்சையும், மிகுபொருள் விரும்பாமையும், வெகுளாமையும் அடங்கியிருப்பது விளங்கும்.

மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் புரட்டாசி, ஐப்பசி மழை இறங்கியதும் எறும்புகள் வளை விட்டு வீட்டை நாடும். குழந்தை கடித்துப் போட்ட கடலைமிட்டாய்த் துண்டு ஒன்று பாயின் அடியில் கிடந்தால் போதும். சிறிது நேரத்தில் சாரை பிடித்துவிடும். மறுநாள் காலையில் வீட்டார் மருந்துப் பொடியைத் தேடுவர். எறும்பு மூவறிவு உயிர். தொடுதலும் சுவைத்தலும் முகர்தலும் உடையது. அத்தனை உயிர்களும் மடிய மூலகாரணம், முந்திய மாலையில் நாம் காட்டிய அசட்டையே அன்றோ? உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையே இம்சை என வரையறுக்கிறது. அக்கவனமின்மைக்குப் பிரமாதம் என்று பெயர்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி ஒன்று. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவ்விடத்தில் உயிர் உண்டோ என நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீவி, அதன் பின்னரே திகம்பர முனிவர் எடுப்பர், வைப்பர். இல்லறத்தார்க்கு அத்துணை நுட்பம் இயலாது. ஆயினும் கூடத்தை ஒழுங்கு செய்வது எடுத்தலும் வைத்தலுமாகிய செயல்தானே! அந்தச் சமிதியின் சிறு நிழலாவது நம் வீட்டில் விழலாம்.

இவ்வளவும் அறிந்த நாமே ஒருநாள் வழுவினோம். அதனை மறைப்பது முறையன்று.

மழைநாள் ஒன்றில், மாலையில் உறவினர் சிலர் எங்கள் இல்லம் வருவதாக இருந்தது. காலையில் கூடத்தைப் பெருக்கும்போது எறும்புச் சாரையைக் கண்டோம். துடைப்பத்தை நிறுத்தி, அவை கடந்து செல்லும்வரை காத்திருந்தோம். ஐந்து வயதுப் பெயரன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிற்பகலில் அவன் காலித் தீப்பெட்டிகளையும் புட்டி மூடிகளையும் சேர்த்துக் கூடத்தின் நடுவில் நிரல்பட அடுக்கினான். நாமக்கல் செல்லும் வழியில் கண்ட லாரிப் பட்டறை அவன் கண்ணில் நின்றது போலும். ஒரு பெட்டிக்கு மூடியைச் சக்கரமாக்கிக்கொண்டிருந்தான். விருந்தினர் வரும் நேரம் நெருங்கியது. இரண்டு முறை எடுக்கச் சொன்னோம், அவன் எழவில்லை. நாம் துடைப்பத்தை எடுத்து எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வாரிக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டோம். கடுஞ்சொல் ஒன்றும் வாயினின்று வந்தது.

உறவினர் வந்தனர், கூடத்தின் தூய்மையைப் புகழ்ந்து சென்றனர். அன்றிரவு பெயரன் நம் அருகில் வந்து படுத்தான். "எறும்பைக் கண்டால் துடைப்பத்தை நிறுத்துவீர்கள். என் லாரிக்கு நிறுத்தவில்லையே, பாட்டி?" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நமக்கு விடை கூற வாயெழவில்லை. எறும்பைக் காத்த கையால் ஒரு குழந்தையின் உள்ளத்தை மிதித்திருந்தோம். பிறர் புகழ வேண்டும் என்னும் மானமும், அதன் துணையாகிய குரோதமும் நம்மை ஆட்கொண்டதை அப்போதுதான் உணர்ந்தோம். மறுநாள் சாமாயிகம் முடிந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். குப்பைக் கூடையிலிருந்து தீப்பெட்டிகளை இருவருமாகப் பொறுக்கி எடுத்தோம். மூன்று பெட்டிகள் நசுங்கிப் போயிருந்தன.

சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடுகள் பலவற்றில் கூடமே பட்டறை. அங்கே பெருக்கிய தூசியை வீதியில் கொட்டமாட்டார்கள். சேர்த்து வைத்து உருக்கக் கொடுப்பார்கள். அத்தூசியில் வெள்ளித்துகள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தை இறைத்த பொருள்களிலும் வெள்ளி உண்டு. நமக்குக் குப்பையாகத் தெரிவது அதற்கு ஊராகவும் தேராகவும் இருக்கலாம். பார்த்துப் பெருக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின் குழந்தையின் போக்கிற்கே கூடத்தை விட்டுவிடலாமா? கூடாது. பவணந்தி முனிவர் நம் சமயச் சான்றோர். கொங்கு நாட்டுச் சீனாபுரம் அவர் ஊர் எனக் கொள்வர். 13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பிக்கும் முறையைக் கூறுங்கால், ஆசிரியன் விரைதலும் வெகுளுதலும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, மாணவன் கொள்ளும் வகை அறிந்து கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆசிரியப் பயிற்சியில் நாம் படித்த இந்த இலக்கணம் கூடத்தை ஒழுங்காக்கக் கற்பிப்பதற்கும் பொருந்தும். அன்று நாம் விரைந்தோம், வெகுண்டோம். ஆகவே கற்பிக்கவில்லை.

இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். சிறு குழந்தைக்கு ஒழுங்கில் இயல்பாகவே விருப்பம் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. எனவேதான் அவரது முறைப் பள்ளிகளில் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்த குழந்தையே அதனைத் திரும்ப வைக்கும். பொருளுக்கு இடம் காட்டாமல் "எடுத்து வை" என்று நாம் அதட்டினால் குழந்தை எங்கே வைக்கும்?

அந்நாள் முதல் எங்கள் இல்லத்தில் சில வழக்கங்களை மேற்கொண்டோம். கூடத்தில் ஒரு பாய் விரித்தோம். விளையாட்டு அதன் எல்லைக்குள். சுவரோரம் தாழ்வாக ஒரு பலகை. அதன்மேல் இரண்டு மூங்கில் கூடைகள். தின்பண்டம் அடுக்களையில் மட்டுமே. பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் நம் வழக்கம் இதற்கும் துணையாயிற்று. உணவு முடிந்ததும், விளக்கேற்றுவதற்கு முன், வீட்டார் அனைவரும் பத்து நிமிடம் எடுத்து வைப்போம். முதலில் பெரியவர்கள்: தாத்தாவின் செய்தித்தாள், நம் கண்ணாடி, மருந்துப் புட்டி. அடுத்துக் குழந்தை. கட்டி முடியாத விளையாட்டு இருந்தால், "நாளைக்கு இருக்கட்டும்" என்று பலகையின் மேல் இடம் கொடுப்போம்.

இன்னொன்றும் கண்டோம். கூடம் கலைவதற்குப் பெருங்காரணம் பொருள் மிகுதியே. பிறந்தநாள் தோறும், திருவிழா தோறும் நாமே வாங்கிக் குவிக்கிறோம். பின்பு குழந்தையைக் குறை கூறுகிறோம். பரிக்கிரக பரிமாண விரதம் உடைமைக்கு வரம்பு கட்டச் சொல்கிறது. இரண்டு கூடை நிறைந்தால் அதுவே வரம்பு. புதிதாக ஒன்று வந்தால், பெயரனே ஒன்றைத் தேர்ந்து அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறான். பத்து அறங்களுள் ஒன்றாகிய சௌசம் என்னும் தூய்மைக்கு நம் சான்றோர் கூறும் பொருள், பேராசை நீங்கிய உள்ளத் தூய்மை என்பதாகும். ஆசை குறைந்த வீட்டில் துடைப்பத்திற்கும் வேலை குறைகிறது.

கைப்பேசியைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தாலும் கூடம் கலையாதுதான். குழந்தை எதையும் எடுக்கவும் இல்லை. எடுத்ததை வைக்கக் கற்கவும் இல்லை. அதனை ஒழுங்கு என மயங்காதீர்கள்.

சகோதரியரே! இன்றும் எங்கள் கூடம் சில நாள்களில் கலைந்துதான் கிடக்கிறது. சினம் எழும்போதெல்லாம் நசுங்கிய அந்த மூன்று தீப்பெட்டிகள் நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றை மாடத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் கையில் துடைப்பம் இருக்கும்போது கீழே எறும்பு உண்டோ எனப் பாருங்கள்; குழந்தையின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அதன்பின் பெருக்குங்கள்.

அருகன் திருவடி வாழ்க! அஹிம்சை அறம் ஓங்குக!