தொண்ணூற்றொரு வாக்கும் ஒரு பழிச்சொல்லும்

தொண்ணூற்றொரு வாக்குகள்! சிற்றூரின் ஒரு தெருவில் வாழ்வோரின் தொகை. பன்னிரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்களித்த தேர்தலில், ஒருவரை அரசோச்ச அழைக்கவும் மற்றொருவரை வீட்டுக்கு அனுப்பவும் அச்சிறு தொகையே போதுமானதாயிற்று.

இடம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். நாள், 1962 நவம்பர் 6. நம் நாட்டில் ஆளுநர் மேலிருந்து அமர்த்தப்படுகிறார். அங்கோ மக்களே வாக்களித்து அமர்த்துகின்றனர். பதவியிலிருந்தவர் குடியரசுக் கட்சியின் எல்மர் ஆண்டர்சன். எதிர்த்து நின்றவர் சனநாயக-உழவர்-தொழிலாளர் கட்சியின் கார்ல் ரோல்வாக். முதற்கணக்கில் ஆண்டர்சன் முந்தினார். மறு எண்ணிக்கை நடந்தது. மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ரோல்வாக் 6,19,842, ஆண்டர்சன் 6,19,751! தோற்றவர் மேல்முறையீடு செய்யாது விலகினார். 1963 மார்ச் 25 அன்று ஆட்சி கைமாறிற்று.

எண்ணிக்கை முடிந்தது. ஆனால், நம் எண்ணம் முடியவில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்திய இறுதி நாள்களில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. ஹிங்க்லி என்னும் ஊரருகே நெடுஞ்சாலை 35-ஐத் தேர்தலுக்குமுன் திறந்துவைக்கும் ஆசையால், ஆண்டர்சன் ஆட்சி வேலையை விரட்டியது, தரத்தைக் கெடுத்தது என்று ரோல்வாக் தரப்பினர் முழங்கினர். தேர்தல் முடிந்தது, பழி மெய்ப்பிக்கப்படவில்லை. சாலை அங்கேயே இருந்தது; ஆட்சிதான் அவரிடம் இல்லை!

அறிந்தே பொய்யுரைத்தனரா? அதை நாம் கேட்கவில்லை. மெய்யென்று தெளியுமுன் உரைத்தனர். மறுமொழிக்குக் காலமில்லா வேளை பார்த்து உரைத்தனர். அதுவே குற்றம் என்கிறோம். ஆய்ந்து பார்க்க நேரம் தராமல் ஒருவனை முடிவெடுக்கச் செய்வது, அவன் கையிலுள்ள வாக்குச்சீட்டை விட்டுவிட்டு, அவன் அறிவைக் களவாடுவதாகும்.

இக்கலையைத் தொழிலாக்கியவர்களும் உண்டு. 1933-ல் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவர், தேர்தல் பிரசாரம் நடத்தித் தருவதற்கென்றே கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினர். மறு ஆண்டு, வறுமையை ஒழிப்பேன் என்று ஆளுநர் தேர்தலில் நின்றார் எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர். அவருடைய புதினங்களில் கதைமாந்தர் பேசிய பேச்சைப் பெயர்த்தெடுத்து, அவருடைய கொள்கை இதுவே என்று ஊரெங்கும் பரப்பினர். சிங்க்ளேர் தோற்றார், இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளால்.

"அத்தனை வாக்கு வேறுபாடா? அப்படியாயின் அந்தப் புரட்டு இல்லாவிடினும் தோற்றிருப்பார், குற்றம் சிறிதே" என்பார் சிலர். வியப்பான வாதம்! கன்னக்கோல் வைத்தவன், உள்ளே பொருள் குறைவாக இருந்தது என்பதால் நல்லவன் ஆவானோ? தொண்ணூற்றொரு வாக்கில் பழிச்சொல்லின் பங்கு கண்ணுக்குத் தெரிகிறது. இலட்சங்களில் அது மறைந்து கிடக்கிறது. அளவு வேறு, அறம் ஒன்றே.

வேட்பாளரையாவது மக்கள் அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கலாம். பிரசாரத்தை நடத்தியவரை யார் கேட்பது? அவர் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. எந்த மேடையிலும் உறுதிமொழி தந்தவருமில்லை. வெற்றி தலைவருக்கு, கூலி தமக்கு, விளைவு நாட்டுக்கு!

தோழர்களே, இதில் நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. மின்னசோட்டாவில் பழி சுமத்தியது பண முதலைகளின் கட்சியன்று. உழவரையும் தொழிலாளரையும் பெயரிலேயே தாங்கிய கட்சி. நாம் அங்கே பிறந்திருந்தால், அதற்கன்றோ கொடி பிடித்திருப்போம்? அந்தப் பழிச்சொல்லை நாமும் அன்றோ தெருத்தெருவாகக் கூவியிருப்போம்?

வகுப்பறையில் விடை சரியாக இருந்தாலும், வழி தவறாயின் நாம் மதிப்பெண் தருவதில்லை. ஆராயாமல் நம்பாதே என்று பாட்டியிடம் வாதாடும் நாம், எதிரியைப் பற்றிய வதந்தியை மட்டும் ஆராயாமலே விழுங்குகிறோமே, அது பகுத்தறிவா? கசக்கும் செய்தியைச் சோதிப்பது எளிது. இனிக்கும் செய்தியைச் சோதிப்பவனே பகுத்தறிவாளன்.

அடுத்த தேர்தலில், நம் தரப்புத் துண்டறிக்கை நம் கைக்கு வரும்போது, கூட்டத்தில் வீசுமுன் ஒரு நொடி நிற்போம். "இது உண்மையா?" என்று கேட்போம். அக்கேள்வியால் தொண்ணூறு வாக்கு போயினும் போகட்டும். அறிவும் நேர்மையும் நம்மிடமே நிற்கும்.