சான்று யார் கையில்?

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் கறுப்பின மாணவர்கள் மீது நடந்த போலீஸ் அடக்குமுறையைச் சொல்லி, மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டிருந்தார்கள். அதில் பிழைகள் இருந்தன. கிங் ஏழு முறை கைதானார் என்றிருந்தது. கைதானது நான்கு முறை. கல்லூரியைப் போலீஸ் சுற்றி வளைத்தது என்றிருந்தது. பெரும்படையாக அருகே நின்றார்கள், வளைக்கவில்லை. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயர்கூடத் தவறு.

நகரப் போலீசுக்குப் பொறுப்பான ஆணையர் சல்லிவன் அவதூறு வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. மான்ட்கோமரி வட்டாரத்துக்கு அந்த இதழ் வந்ததே சுமார் 35 பிரதிகள்தான். உள்ளூர் ஜூரியோ 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. தங்களைக் கேட்காமலே பெயர் சேர்க்கப்பட்ட நான்கு கறுப்பினப் பாதிரியார்களும் அந்தத் தீர்ப்பில் சிக்கினார்கள். அவர்களின் கார்கள் ஜப்திக்குப் போயின. 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொய்யென்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது மெய்யா பொய்யா என்று சற்றும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்று அதிகாரிதான் நிரூபிக்க வேண்டும் என்றது.

இது அதிகாரிக்கு இழைக்கும் அநீதி இல்லையா? திருவிழா பந்தோபஸ்தில் பொழுதெல்லாம் நின்று, தாயையும் சாதியையும் இழுத்து வசவு வாங்கும் காவலருக்கும் மானம் உண்டு. செய்யாத கொலையை, வாங்காத லஞ்சத்தை அறிந்தே ஒருவர் தலையில் கட்டுவது பெருந்தீங்கு. அதைச் செய்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அடிபட்டவர் தேதியைத் தவறாகச் சொல்வதும், அடித்தவர் நால்வர் என்பதற்கு ஐவர் என்பதும், வலியில் வாய்விட்டுத் திட்டுவதும் அந்தக் கணக்கில் வரக் கூடாது.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். முதல் தகவல் அறிக்கையோ, அவர்கள் ஆபாசமாகத் திட்டினார்கள், தரையில் புரண்டார்கள், அதில் காயம்பட்டது என்றது. வசவுக்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவும் அதில் உண்டு. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். அவரையே ஒரு காவலர் தரக்குறைவாகப் பேசினார்.

அறச்சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காவல் நிலையத்துக்குள் நடந்ததற்குச் சாட்சி போலீஸ், ஆவணம் போலீஸ், கேமராவும் போலீஸ். எல்லாச் சான்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரைப் பார்த்து 'நிரூபி, இல்லையேல் அவதூறு' என்பது எந்த நியாயத்திலும் சேராது. சான்று எட்டாத இடத்தில் நேரும் பிழை பொய்யாகாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதை ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளின் தொடர்பைச் சொல்கிறது என்பதால், அதை வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத்துறை ஐ.ஜி. நக்கீரன் இதழுக்குக் கடிதம் எழுதினார். வெளிவருமுன் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும், பணி தொடர்பான விமர்சனத்துக்கு இழப்பீடு கேட்பதில் ஏறக்குறைய சல்லிவன் வழக்கின் அளவுகோலே பொருந்தும் என்றும் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குற்றவியல் அவதூறை அது தொடவில்லை. 2016-ல் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. பொது ஊழியருக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகலாம். உண்மையைத்தான், பொதுநலனுக்காகத்தான் சொன்னேன் என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல்.

இந்தச் சுமையைத்தான் முதலில் இடம் மாற்ற வேண்டும். மானம் போனதென்று கருதும் அதிகாரி தன் வக்கீலோடு, தன் செலவில் சிவில் நீதிமன்றம் போகட்டும். அன்றைய நிலையப் பொது நாட்குறிப்பும் கேமரா பதிவும் அவர் மனுவோடு சேர்ந்தே வரட்டும்.