மயிரிழை

என் தகப்பனார் காலமானபோது நான்கு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிட்டேன். பல ஊர்களில் உத்தியோகம் பார்த்தவர். நண்பர்களில் தமிழ் அறியாதவர்களும் இருந்தார்கள். ஆகவே ஆங்கிலத்தில் அச்சிட வேண்டியிருந்தது. அச்சகத்தில் மாதிரிகளைப் புரட்டியபோது போடோனி என்ற சாய்வெழுத்து என்னை மயக்கிவிட்டது. தடித்த கோடு கன்னங்கரேலென்று இறங்கும். சட்டென்று மயிரிழையாக மெலிந்து வளையும். தலைப்பை மட்டுமல்ல, வாழ்க்கைக் குறிப்பு முழுவதையும் அதிலேயே பொடியாக அச்சிடச் சொன்னேன்.

தகப்பனாரின் பால்ய நண்பர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா. என்ன எழுதியிருக்கேன்னு நீயே படிச்சுச் சொல்லிடேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பழகாததைக் கண் வெறுக்கிறது என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

இந்தச் சமாதானத்துக்குச் சரித்திரத்தில் சாட்சியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒருவர், பாஸ்கர்வில் என்பவரின் அச்செழுத்து மெல்லிய கோடுகளால் கண்ணைக் கெடுக்கிறது என்றார். பெஞ்சமின் பிராங்க்ளின், காஸ்லன் என்ற வேறொருவரின் எழுத்து மாதிரியைப் பெயரைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று நீட்டினார். மனிதர் அதிலும் குற்றங்களைக் கண்டுபிடித்தார்!

ஆனால் என் வழக்குக்கு அந்தச் சாட்சி உதவவில்லை. வருஷங்கள் கழித்து மலரை நானே பிரித்தேன். தலைப்பில் தகப்பனாரின் பெயர் கம்பீரமாக இருந்தது. உள்ளே மயிரிழைகள் பாதி மறைந்து, தடித்த கோடுகள் வேலிக் கம்பிகளைப் போல் நின்றன. எனக்கும் படிக்க முடியவில்லை.

சாய்வின் மேல் குற்றமில்லை. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ், வர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் கையடக்க நூலாகவே அச்சிட்டார். போடோனியின் மேலும் குற்றமில்லை. 1768-இல் பார்மா நகரத்துப் பிரபுவின் அச்சுக்கூடத்தை நடத்தப் போனவர் அவர். வழவழப்பான காகிதம், அகன்ற ஓரம், தாராளமான இடைவெளி ஆகியவற்றின் நடுவே அந்த மயிரிழைகளை உலவவிட்டார்.

1813-இல் அவர் இறந்தார். 1818-இல் அவருடைய மனைவி மார்கரீட்டா, அவருடைய எழுத்து மாதிரிகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதுவும் ஒரு நினைவு மலர்தான். ஆனால் போடோனியின் வாழ்வு அந்த எழுத்துக்களின் வடிவத்திலேயே இருந்தது. வடிவத்தைக் காட்டினால் மனிதரைக் காட்டியதாகும். என் தகப்பனாரின் வாழ்வோ சொற்களின் பொருளில் இருந்தது. அதை மறைத்துவிட்டு, என் ரசனையை ஊரார் பார்க்க வைத்தேன்.

அழகை விரும்பியது பிழையென்று இன்றும் நான் நினைக்கவில்லை. துக்கத்திலும் எனக்கென்று ஒரு மெச்சுதலை எதிர்பார்த்தேனே, அதுதான் உறுத்துகிறது. அந்த நண்பரும் இப்போது இல்லை. அன்று கால் மணி நேரம் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கலாம்.