ஜூன் மாதத்தின் 21 நாட்கள்

"மேடம், எல்லாமே என்ஏ-ன்னு வருது. தப்பா அடிச்சிட்டேனா?"

ஆர் மொழி வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருஷம் கிடையாது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய புள்ளியியல் மொழி அது. அதனுடனேயே சில தரவு அட்டவணைகளும் வரும். நான் எடுத்துக்கொள்வது 'ஏர்குவாலிட்டி'. நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை, 153 நாட்களுக்கான காற்றின் அளவுகள். ரூஸ்வெல்ட் தீவில் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை இருந்த ஓசோன் அதில் ஒரு பத்தி. அதை மாதவாரியாகப் பிரித்துக் கூட்டச் சொல்வேன். 'டி-அப்ளை' கட்டளையைக் கொடுத்தால் ஐந்து மாதத்துக்கும் ஐந்து என்ஏ, அதாவது 'மதிப்பு கிடைக்கவில்லை' என்ற குறி, வந்து நிற்கும்.

பிள்ளை தப்பாக எதுவும் அடிக்கவில்லை. 153 நாளில் 37 நாள் ஓசோன் பதிவாகவில்லை. எந்த மாதமும் முழுசாக இல்லை. செப்டம்பரில்கூட ஒரு நாள் விடுபட்டிருக்கிறது. அந்த ஒரு நாள் தெரியாதவரை மாதத்தின் கூட்டுத்தொகையும் தெரியாது என்று டி-அப்ளை சொல்லிவிடுகிறது. பக்கத்து மேசைப் பையன் இதே கணக்கை 'அக்ரிகேட்' கட்டளையில் ஃபார்முலாவாகப் போட்டிருப்பான். அவன் திரையில் பளிச்சென்று ஐந்து எண்கள் இருக்கும்: 614, 265, 1537, 1559, 912. விடுபட்ட நாட்களை அது யாரையும் கேட்காமல் தள்ளிவிட்டுக் கூட்டியிருக்கிறது.

அந்த 265 ஜூன் மாதத்தினுடையது. பார்த்தவுடன் அந்த வருஷக் கோடையில் ஜூனில்தான் நல்ல காற்று வீசியது என்று தோன்றும். ஜூனில் அளவு இருப்பதோ 9 நாளுக்குத்தான். மீதி 21 நாள் வெற்றிடம். அளந்த நாட்களின் சராசரியை எடுத்தால் மே 23.6, ஜூன் 29.4 என்று வரிசையே மாறிவிடுகிறது.

நான் வகுப்பில் வெகுநேரம் நிற்பது இந்த இடத்தில்தான். விடுபட்டதைத் தள்ளிவிட்டுக் கூட்டினால், அந்த 21 நாளும் பூஜ்யம் என்று சொன்ன கணக்கு. தள்ளிவிட்டுச் சராசரி எடுத்து அதை மாதம் முழுமைக்கும் வைத்தால், அவை மற்ற 9 நாளைப் போலவே இருந்தன என்று சொன்ன கணக்கு. இரண்டிலும் நமக்குத் தெரியாத நாட்களுக்காக நாம் சாட்சி சொல்கிறோம். ஒரு பிரிவில் எல்லாமே விடுபட்டிருந்தால் இன்னும் மோசம். தள்ளிவிட்டுக் கூட்டச் சொன்னால் ஆர் தயங்காமல் 0 என்று கொடுக்கும்.

இந்தச் சிக்கலை நான் முதலில் பார்த்தது ஆரில் அல்ல. என் அப்பா தமிழாசிரியர். மணிமேகலையின் 27ஆவது காதையை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையை, அவரிடம்தான் படித்தேன். தத்துவம் பேசுகிறவர்களுக்குக் கணக்கர் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு. அந்தக் காதையில் வைதிகவாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. தரையில் குடம் இல்லை என்பது தர்க்க நூல்களில் வழிவழியாக வரும் உதாரணம்.

"இருட்டுல தரையைப் பாத்துட்டு குடம் இல்லைன்னு சொல்லலாமா?" என்று அப்பா கேட்பார். கூடாது. இருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற நிலைமையில் படாமல் இருந்தால்தான் 'இல்லை' என்பது அறிவாகும். சாஸ்திரத்தில் இதற்கு யோக்ய அனுபலப்தி என்று பெயர். தர்க்க அறிஞர் உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் இதையே கடவுள் கேள்விக்குக் கொண்டுபோனார். கடவுள் கண்ணுக்குப் புலப்படக்கூடிய பொருள் அல்ல. ஆகவே காணவில்லை என்பதை வைத்து இல்லை என்று தீர்க்க முடியாது. இதனால் கடவுள் உண்டு என்று ஆகிவிடாது. அதற்கு அவர் வேறு நியாயங்கள் வைத்திருக்கிறார். இந்த ஒரு படியில் அவர் காட்டிய நிதானத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த நிதானம் எனக்கு வர நாளாயிற்று. என் கணவர் 19 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் இடது கை உடைந்து கயிறு சுற்றியிருக்கும். அதில் உட்கார்ந்து, அந்தக் கயிற்றைத் திருகிக்கொண்டே, தெரிந்த பதிகம் எல்லாம் சொன்னேன். இருபதாம் நாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார். அந்த 19 நாளுக்கும் எதிரே நான் பூஜ்யம் என்று எழுதினேன். ஆறேழு வருஷம் வீட்டில் விளக்கேற்றவில்லை.

என் நாத்தனார் மட்டும் கடவுளைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்பவும் நம்ம கூட இருக்கிறவர், அப்ப மட்டும் எங்க போயிடுவார் அண்ணி?" அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அது அளந்த நாளின் சராசரியை எடுத்து அளக்காத நாளில் வைக்கிற வேலை. அதையும் என் மனசு ஏற்கவில்லை.

ஆரில் ஒரு என்ஏ-வும் இன்னொரு என்ஏ-வும் சமமா என்று கேட்டால், அதற்கும் விடை என்ஏ. இதைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்துவிட்டேன். தெரியாதது ஒன்றை இல்லாதது என்று எவ்வளவு உறுதியாக எழுதி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நாற்காலியில் இருந்தபோது, பதில் வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே தீரும் என்று சொல்லும் நிலையில் நான் இருந்தேனா? அப்பா கேட்ட இருட்டும் தரையும் குடமும்தான்.

மாணவர்களிடம் இப்போது மாதக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் போடச் சொல்கிறேன்: எத்தனை நாள் அளந்தது, எத்தனை நாள் விடுபட்டது. ஜூனுக்கு 265, 9, 21.

வீட்டில் மறுபடியும் விளக்கேற்றுகிறேன். அந்த 19 நாளுக்கு எதிரே எழுதியிருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எண் எதுவும் போடவில்லை.