இனமும் தரமும்

உயிர்களை இனம் பிரித்து அறிதல் ஒன்று. உயிர்களுக்குத் தரம் கற்பித்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் தீங்கைச் சிறிது ஆராய்வோம்.

அந்தமானில், டெலானிபூரில் நாம் தங்கியிருந்த ஓர் இரவு, அன்பர் சிலர் கடற்பசுவைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தனர். பாக் கடலோர மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அவ்வுயிரை, இத்தீவுகளுக்குரிய விலங்காக அரசு ஏற்றுள்ளது. அதன் அருமையைப் பேசிய ஒருவரே, விளக்கைச் சுற்றிய விட்டில் ஒன்றை அடித்து வீழ்த்தினார். "பூச்சிதானே!" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

கடற்பசு நீரில் வாழினும் மீன் அன்று. நுரையீரலால் மூச்செடுப்பது, குட்டி ஈன்று பாலூட்டுவது, உயிர்நூலார் ஆய்வின்படி யானைக்கு உறவு. விட்டிலோ ஆறு கால்களும் செதிள் படிந்த சிறகுகளும் உடைய பூச்சியினம். அந்தமான் காட்டில் வாழும் அட்லஸ் இன விட்டில், சிறகு பெற்றபின் உண்பதே இல்லை. புழுப்பருவத்தில் தின்ற இலையின் வலிமையால் சில நாள் வாழ்ந்து மாள்கிறது.

இவ்வறிவு எதற்குப் பயன்? முன்னதற்குக் கடற்புல் வேண்டும், பின்னதற்கு மரத்திலை வேண்டும் என்றறிந்து காப்பதற்கே. நாம் ஆலையில் உழைத்த நாளில் 20ஆம் நம்பர் நூல், 40ஆம் நம்பர் நூல் என்று பிரித்தோம். எது எந்த நெசவுக்கு ஆகும் என்றறிவதற்கே அவ்வெண். பருநூல் இழிந்ததென்று எவரும் சொன்னாரில்லை.

"ஆயின், 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவை முதல் அட்டவணையில் வைத்திருப்பதேன்? 2022இல் தமிழ்நாட்டரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கெனக் காப்பகமாக்கியதேன்?" எனின், கூறுவோம். கடற்பசு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். வலையில் ஒன்று மாண்டால் அவ்விழப்பு எளிதில் நிரம்பாது. பிணியுற்ற குழந்தையைத் தாய் முதலில் எடுப்பாள். அதனால் மற்றைக் குழந்தை அவளுக்கு அயலாகிவிடாது. முந்துரிமை தேவையால் வந்தது; உயர்வு தாழ்வால் வந்ததன்று.

சுத்த நிபாதத்து வாசெட்ட சூத்திரத்தில், புல், பூச்சி, விட்டில், மீன், பறவை ஆகியவற்றுக்குப் பிறப்பால் அமைந்த இனக்குறிகள் உண்டென்றும், மாந்தருக்குள் அத்தகைய குறி இல்லையென்றும் பகவன் விளக்குகிறார். இல்லாத குறியை மாந்தர்மேல் சுமத்திய கொடுமையை நாம் பட்டறிந்தோம். உள்ள குறியைக் கொல்வதற்கு உரிமையாக்குதலும் அம்மரத்தின் கிளையே. "பூச்சிதானே" என்று பழகிய நாவுக்கு "இன்ன சாதிதானே" என்பது தொலைவில் இல்லை.

அன்பர்களே! இன்றிரவு உம் இல்லத்திற்கு விட்டில் வருமாயின், விளக்கைச் சற்றே தணியுங்கள். அது தன் வழி செல்லட்டும்.