பகை நகையாவது எப்போது?

அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்குப் பெரும்பாலும் இல்லை. நாடுகளுக்கோ அறவே இல்லை. வீடு ஒத்துவராவிட்டால் வேறு தெருவுக்குக் குடிபெயரலாம். நாடு தன் மலையையும் ஆற்றையும் சுருட்டிக்கொண்டு வேறிடம் போக இயலாது. அடுத்தடுத்து அமைந்த இரண்டு நாடுகள் ஒன்றோடொன்று போர் புரிந்திருந்தாலும், வரியால் ஒன்றையொன்று வருத்தியிருந்தாலும், மறுநாள் காலையில் ஒன்றன் முகத்தில் மற்றொன்று விழித்தே தீரவேண்டும். அவ்வாறு விழிக்கும்போது பழைய பகையை என்ன செய்வது? மறந்துவிடுவதா, மனத்தில் வைத்துப் புழுங்குவதா, சிரித்துக் கழிப்பதா? சிரிப்பதாயின் அச்சிரிப்புக்கு எல்லை உண்டா?

இவ்வினாவைக் கனடா, அமெரிக்க ஐக்கிய நாடு ஆகிய இரண்டின் வரலாற்றை முன்வைத்து எண்ணிப் பார்க்க முற்படுகிறோம். நம் குடும்பங்கள் பலவற்றின் மக்களும் மருமக்களும் அவ்விரு நாடுகளிலும் வாழ்கின்றனர். ஆகவே அந்த எல்லைக்கோடு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

2018ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப்பும் கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் தொலைபேசியில் உரையாடினர். கனடாவிலிருந்து வரும் எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்துக்கு 10 விழுக்காடும் இறக்குமதி வரி விதிக்க அமெரிக்கா முனைந்திருந்த நேரம் அது. வரிக்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. கனடாவால் அமெரிக்காவின் பாதுகாப்புக்கு எவ்வாறு கேடு நேரும் என்று பிரதமர் கேட்டார். வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தவர்கள் நீங்கள்தாமே என்று தலைவர் திருப்பிக் கேட்டார் என்று செய்திகள் வெளியாயின. இருநூறு ஆண்டுப் பழங்கதை ஒன்று, எஃகு வரியைப் பற்றிய பேச்சின் நடுவே எழுந்து உட்கார்ந்துகொண்டது. அது வேடிக்கையா, வினையா? இக்கட்டுரையின் வினாவும் அதுவே.

எரிந்த இரு நகரங்கள்

அந்தப் பழங்கதையை முதலில் அறிந்துகொள்வோம். 1812ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்தது. அக்காலத்தில் கனடா தனி நாடன்று. பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை வலிந்து பிடித்துச் சென்றதும், அமெரிக்கக் கப்பல்களின் வாணிகத்தைப் பிரிட்டிஷ் ஆணைகள் முடக்கியதும் போருக்குரிய காரணங்களுள் முதன்மையானவை. இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. போர் அறிவித்த ஐந்தாம் நாளே அந்த வாணிகத் தடை ஆணைகளைப் பிரிட்டன் நீக்கிவிட்டது. செய்தி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து சேருமுன் படைகள் புறப்பட்டுவிட்டன.

1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை யார்க் என்னும் சிற்றூரைக் கைப்பற்றியது. அங்கிருந்த சட்டமன்றக் கட்டடங்கள் தீக்கிரையாயின. அந்த யார்க்தான் இன்றைய டொரன்டோ. தமிழர் பல்லாயிரவர் குடியேறி, கோயிலும் கடையும் தமிழ்ப் பள்ளியும் வைத்து வாழும் மாநகரம். அடுத்த ஆண்டு, 1814 ஆகஸ்டு 24ஆம் நாள், பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து குடியரசுத் தலைவர் மாளிகையையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் கொளுத்தியது. தீ வைத்தவர்கள் கடல் வழியாக வந்த பிரிட்டிஷ் வீரர்கள். கனடா என்ற கூட்டாட்சி பிறந்ததே 1867ஆம் ஆண்டில்தான். ஆயினும் வெள்ளை மாளிகையை நாங்கள் எரித்தோம் என்று கனடியர் வேடிக்கையாகப் பெருமை பேசுவதுண்டு.

1814 டிசம்பர் 24ஆம் நாள் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போருக்கு முன் யாருக்கு எது உரியதோ அது அவரவர்க்கே என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கானோர் மாண்டும் எல்லைக்கோடு இடம்பெயரவில்லை. அதனால் இரு நாட்டாரும் தாங்களே வென்றதாகக் கூறிக்கொள்ள முடிந்தது. கனடியர் போற்றும் வீரமங்கை லாரா செக்கார்ட், 1813 ஜூனில் அமெரிக்கர் தாக்க வருகின்றனர் என்பதை அறிந்து, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நடந்து சென்று பிரிட்டிஷ் படைத்தலைவரிடம் எச்சரித்தவர். அவ்வம்மையார் பிறந்த இடமோ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்! பகைவர் யார், உறவினர் யார் என்று பிரித்தறிவது அந்த எல்லையில் அன்றே அத்துணை அரிதாக இருந்தது.

நகைக்குக் கொடுத்த விலை

ஊரை எரித்தவனோடு உடனிருந்து சிரிப்பது எளிதன்று. காலம் போனால் காயம் தானே ஆறிவிடும் என்பர். ஐந்நூறு ஆண்டு கடந்தும் ஆறாத பகைகளை உலகம் கண்டிருக்கிறது. ஆறியதற்குக் காலம் மட்டும் காரணமாயின் அவையும் ஆறியிருக்க வேண்டும். இவ்விரு நாட்டார் தம் பகையை நகையாக்கிக்கொள்ள விலை கொடுத்தனர் என்பதே நம் கருத்து. அவ்விலையை மூன்று செயல்களில் காணலாம்.

முதலாவது, படைக்கலத்துக்கு அளவு வகுத்தது. 1817ஆம் ஆண்டு ரஷ், பேகட் என்னும் இருவரின் பெயரால் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. எல்லையில் உள்ள பேரேரிகளில் ஒவ்வொரு தரப்பும் எத்தனைப் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளலாம், அவற்றின் எடை எவ்வளவு, பீரங்கி எத்தனை என்பதெல்லாம் எண்ணிக் குறிக்கப்பட்டன. ஒன்டாரியோ ஏரிக்கு ஆளுக்கு ஒரே கப்பல். அதில் ஒரே பீரங்கி. போர் முடிந்து மூன்றாண்டுகூட நிறையாத காலம் அது. அன்பு பிறந்தபின் ஆயுதத்தைக் குறைப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆயுதத்தைக் குறைத்தனர், அன்புக்குப் பின்னால் வர வழி கிடைத்தது.

இரண்டாவது, எடுத்ததைத் திருப்பித் தந்தது. யார்க் எரிந்தபோது அங்கிருந்த சட்டமன்றச் செங்கோலை அமெரிக்கர் கொண்டுசென்றனர். அது வெற்றிச் சின்னமாக அமெரிக்காவில் வைக்கப்பட்டிருந்தது. டொரன்டோ நகரம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1934ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதைத் திருப்பி அனுப்பினார். 121 ஆண்டு கழித்து ஒரு கோல் வீடு திரும்பியது. அதன் பொன்மதிப்பு பெரிதன்று. எங்கள் வீரர் உங்கள் வீட்டில் செய்தது தகாது என்று அந்தக் கோல் வாய் திறவாமல் சொல்லியது.

மூன்றாவது, இடுக்கண் வந்தபோது ஓடிவந்தது. 1917 டிசம்பர் 6ஆம் நாள், கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று மற்றொரு கப்பலோடு மோதி வெடித்தது. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று; ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். அன்றிரவே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து மருத்துவரும் செவிலியரும் மருந்துமாக ஒரு புகைவண்டி புறப்பட்டுப் பனிப்புயலைக் கடந்து சென்றது. அந்த உதவியை நினைந்து, நோவா ஸ்கோஷியா மாநில மக்கள் 1971 முதல் ஆண்டுதோறும் ஒரு பெரிய கிறித்துமஸ் மரத்தைப் பாஸ்டனுக்கு அனுப்பி வருகின்றனர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்க வான்வழி மூடப்பட்டபோது, கனடாவின் கான்டர் என்னும் சிற்றூரில் 38 பயணியர் விமானங்கள் இறங்கின. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அயலாரை அவ்வூர் மக்களும் சுற்றுவட்டாரத்தாரும் பள்ளிகளிலும் வீடுகளிலும் வைத்து உண்பித்தனர்.

இத்தகைய செயல்களின்மேல் நின்றுகொண்டுதான் வெள்ளை மாளிகைத் தீயைப் பற்றி வேடிக்கை பேச முடிகிறது. திருவள்ளுவர் 'நட்பு', 'நட்பாராய்தல்' ஆகிய அதிகாரங்களை அடுத்துப் 'பழைமை' என ஒன்றைத் தனியே வகுத்தார். நெடுநாள் நண்பர் உரிமை பற்றிச் செய்வனவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை அது பேசுகிறது. உரிமையோடு கேலி பேசுவதும் அப்பழைமையின்பாற்படும். அதற்கடுத்த அதிகாரமோ 'தீ நட்பு'. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை நாம் கருத்தில் கொள்ளுதல் நலம். ஓரடி தவறினால் பழைமையிலிருந்து தீ நட்புக்குள் கால் போய்விடும்.

வரியும் வார்த்தையும்

அவ்வாறு கால் தவறிய இடங்களும் இவ்வரலாற்றில் உள. அவை பெரும்பாலும் சுங்கச்சாவடியின் அருகிலேயே நேர்ந்தன.

வரிப்பூசல் இவ்விரு நாட்டாருக்கும் புதிதன்று. 1854இல் வரியைத் தளர்த்தி உடன்பாடு செய்தனர். 1866இல் அமெரிக்கா அதைக் கைவிட்டது. 1879இல் கனடா தன் தொழில்களைக் காக்க உயர்ந்த காப்புவரியை எழுப்பியது. 1930இல் அமெரிக்கா வரியை ஏற்றியது. கனடா பதிலுக்கு ஏற்றியது. 1935இல் இருவரும் இறங்கி வந்தனர். 1965இல் மோட்டார் வண்டித் தொழிலுக்கும், 1989இல் பெரும்பாலான பொருள்களுக்கும் தடையற்ற வாணிகம் வந்தது. கடைக்காரர் இருவர் விலை பேசுவது போன்றது இது. குரல் உயரும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடப்பர், பிறகு திரும்பி வருவர். இதனால் நட்பு முறியாது.

நட்பைப் புண்படுத்தியது வரியைவிட வரியோடு வந்த வார்த்தையே. 1911ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு இரு நாடுகளும் வரிக்குறைப்பு உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. அமெரிக்கக் கீழவைத் தலைவர்களுள் ஒருவரான சாம்ப் கிளார்க், வடதுருவம் வரையில் பிரிட்டிஷ் வட அமெரிக்கா முழுதும் அமெரிக்கக் கொடி பறக்கும் நாளைக் காண விரும்புவதாக அவையில் பேசினார். அவர் ஆதரித்த உடன்பாட்டுக்கே அப்பேச்சு கேடாக முடிந்தது. உடன்பாட்டை முன்வைத்த கனடியப் பிரதமர் லாரியே அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார், உடன்பாடும் மறைந்தது. வரி குறைந்தால் ஆதாயம் என்று அறிந்திருந்தும், வீட்டையே கேட்பவனிடம் விலை பேச மாட்டோம் என்று மக்கள் முடிவு செய்தனர்.

2025இல் அதே பிழை இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகலாம் என்று அமெரிக்கத் தலைவர் பலமுறை கூறினார். மார்ச் மாதம் கனடியப் பொருள்கள் பலவற்றின்மீது 25 விழுக்காடு வரி வந்தது. கனடா பதில் வரி விதித்தது. மாநிலங்கள் பல அமெரிக்க மதுவகைகளைத் தம் அங்காடிகளிலிருந்து அகற்றின. பனிவளைகோல் ஆட்டத்தில் எப்போதும் போட்டி உண்டு. ஆயினும் அவ்வாண்டு பிப்ரவரியில் மான்ட்ரியால் அரங்கில் அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது மக்கள் கூச்சலிட்டனர். 1814ஆம் ஆண்டுத் தீயைப் பற்றிய கேலி இறந்த காலத்தைப் பற்றியது; 51ஆவது மாநிலம் என்ற கேலி எதிர்காலத்தைப் பற்றியது. உன் பாட்டனார் என் வேலியைப் பிடுங்கினார் என்று சொல்லிச் சிரிக்கலாம். உன் வீடு நாளை என் வீடாகும் என்றால் யாரால் சிரிக்க இயலும்?

சொல்பவர் யார் என்பதும் பொருளை மாற்றுகிறது. அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 34 கோடி. கனடாவினது 4 கோடியை ஒட்டியது. 1969இல் வாஷிங்டனில் பேசிய பிரதமர் பியர் ட்ரூடோ, அமெரிக்காவின் அருகே வாழ்வதை யானையின் பக்கத்தில் படுத்துறங்குவதற்கு ஒப்பிட்டார். யானை எவ்வளவு சாதுவாயினும் அதன் ஒவ்வோர் அசைவும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். எளியவன் வலியவனைக் கேலி செய்தால் அது துணிவு. வலியவன் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் அது மிரட்டலாக ஒலிக்கும். சொல்லுக்கும் எடை உண்டு; அது சொல்பவனின் எடை.

சிரிக்க இயலாத மூன்றாமவர்

இன்னொன்றையும் கூறாவிடில் இவ்வாராய்ச்சி நேர்மையாகாது. நாங்கள் வென்றோம் என்று இரு நாட்டாரும் சிரிக்கும் அந்தப் போரில் மெய்யாகவே தோற்றவர் உண்டு. ஷானி குடித்தலைவர் டெக்கும்சே, தொல்குடிகள் பலவற்றை ஒன்றுதிரட்டித் தம் நிலத்தைக் காக்கப் பிரிட்டிஷாரோடு சேர்ந்து போரிட்டார். 1813 அக்டோபர் 5ஆம் நாள் போர்க்களத்தில் வீழ்ந்தார். தொல்குடிகளுக்குத் தனி நிலப்பகுதி வேண்டும் என்று கென்ட் நகரில் பிரிட்டிஷார் முதலில் கேட்டனர். பிறகு அக்கோரிக்கையைக் கைவிட்டனர். போருக்கு முன்னிருந்த உரிமைகள் அவர்களுக்கு மீளும் என ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது, நடைமுறையில் மீளவில்லை. இருவர் கைகுலுக்கியபோது மூன்றாமவருடைய நிலம் கைநழுவிற்று.

ஆகவே இருவர் சிரிக்கும் பழங்கதையில் சிரிக்க இயலாதவர் எவரேனும் உளரா என்று சுற்றிப் பார்த்துக்கொள்வதும் அறத்தின் பாற்பட்டதே.

நமக்கு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வேற்றுமொழி பேசுவோர் நடுவே வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவான செய்தியன்று. நம் குடியிருப்புகளில் ஒருவர் உணவை மற்றொருவரும், ஒருவர் உச்சரிப்பை மற்றொருவரும் கேலி செய்வது அன்றாட நிகழ்ச்சி. அக்கேலியில் சில நம் மனத்தைக் குளிர்விக்கின்றன. சில முள்ளாகத் தைத்து நிற்கின்றன. சொற்கள் இரண்டிலும் ஒன்றே. நள்ளிரவில் நோய் வந்தால் கதவைத் தட்டலாம் என்ற உறுதி உள்ள வீட்டிலிருந்து வரும் கேலி நகையாகிறது. நீ இங்கே ஏன் இருக்கிறாய் என்ற வினாவை உள்ளே வைத்து வரும் கேலி, எவ்வளவு இனிக்கப் பேசினாலும், பகையாகவே தங்குகிறது. நாம் பிறரைக் கேலி செய்யும்போதும் இதே அளவுகோலை நம் கையில் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பழம்பகையை மறக்க வேண்டுவதில்லை. மறப்பதால் மட்டும் அது மாய்வதுமில்லை. எடுத்ததைத் திருப்பித் தந்து, ஓங்கிய கையைத் தாழ்த்தி, இடுக்கண் வந்தபோது ஓடிச்சென்று உதவியவர்களுக்கே அதைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை வாய்க்கிறது. 2025இல் வரியும் வசையும் எல்லையைக் கடந்து பறந்தன. அவ்வாண்டுக் குளிர்காலத்திலும் நோவா ஸ்கோஷியாவின் மரம் பாஸ்டனுக்குப் பயணமாயிற்று. ஆட்சியாளர் மறந்தாலும் மக்கள் மறவாத கடன் அது. அந்த மரம் போய்ச் சேரும்வரை, அவ்விரு வீட்டாரும் மீண்டும் ஒன்றாய் அமர்ந்து சிரிக்கும் நாள் வரும் என்று நாம் நம்பலாம்.