பிணைப் பத்திரமும் கிராமத்து நோயாளியும்

அரசு மருத்துவக் கல்லூரியில் பட்ட மேற்படிப்பு முடிப்பவர் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். இல்லையேல் லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். சேரும்போதே இதற்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இந்த நடைமுறை உண்டு. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள், இது கட்டாய உழைப்பு என்றார்கள். பிணை செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்வதாலேயே அது நியாயமாகிவிடுமா?

இந்தச் சேவையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வரிப்பணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மருத்துவர் பிரசவம் பார்க்கவும் தையல் போடவும் பழகியது, அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருந்த ஏழைகளின் உடம்பில். அந்தக் கடன் எந்தக் கட்டண ரசீதிலும் அடங்காது.

அதனால்தான் பணம் கட்டிவிட்டு விலகலாம் என்னும் வழி உறுத்துகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தொகையைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். வங்கிக் கடனில் படித்தவர்தான் மலையடிவாரத்துக்குப் போவார். கடமை என்று சொல்லப்பட்டது, பணமில்லாதவருக்கு மட்டுமான தண்டனையாகிவிடுகிறது.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது இதைவிட நேர்மையான வழி. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. வழக்கைத் தொடுத்தவர்களில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களும் இருந்தார்கள். மிரட்டி அனுப்புவதைவிட, போனவரை மதித்து உயர்த்துவது மேல். ஆனாலும் மேற்படிப்பு முடித்தவர் மீண்டும் தாலுகா மருத்துவமனைக்கு வராவிட்டால், அந்த ஊர் வெறும் ஏணிப்படிதான்.

இனி, அரசு பட்டிருக்கும் கடன். இரவு இரண்டு மணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது. பணியில் இருப்பது ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். மருத்துவர், ஒரு செவிலியர். அறுவை சிகிச்சை செய்ய ஆளில்லை, மயக்க மருந்து கொடுக்கவும் ஆளில்லை. 108-க்குச் சொல்லிவிட்டுப் பரிந்துரைச் சீட்டு எழுதுகிறார் அந்த இளைஞர். வழியில் ஏதாவது நேர்ந்தால் உறவினர்கள் சட்டையைப் பிடிப்பது அவரைத்தான். இப்படித் தனியாக நிறுத்தப்பட்டவரிடம் சேவை மனப்பான்மை பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம்.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993இல் மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி – லலிதா தம்பதியின் தியாகத்தைப் பலரும் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ரெஜி மயக்க மருந்து நிபுணர், லலிதா மகப்பேறு மருத்துவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரசவ அறுவைக்குத் தேவையான இரண்டு கைகளும் ஒன்றாகவே போயின. அந்த வட்டாரத்துப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தியாகத்தை எல்லோரிடமும் கேட்க முடியாது. அந்த ஏற்பாட்டை அரசால் செய்ய முடியும்.

பணி நியமனக் கலந்தாய்வில் இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பாமல், மகப்பேறு மருத்துவரையும் மயக்க மருந்து நிபுணரையும் ஒரே மருத்துவமனைக்குச் சேர்த்து அனுப்பலாம். இரவில் ஃபோனை எடுத்து யோசனை சொல்ல மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்கலாம். குடியிருப்பும் தண்ணீரும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்ட அரசுக்கு, பணம் கட்டி விலகும் விதியைப் பத்திரத்திலிருந்து எடுத்துவிடும் உரிமை உண்டு. அதுவரை கிடையாது.